அடைக்கலத்தின் வாணப்பெட்டி

குன்றாண்டார்கோவிலுக்கு மேற்கே, பாறைக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் அடைக்கலம் வாணம் கட்டிக்கொண்டிருந்தார். மழை பெய்தால் வயல். மாசி பிறந்துவிட்டால் ஆடி முடியும்வரை வாணம். திருவிழாக்களுக்குச் சின்ன வாணம் கட்டுகிறவர்கள் அந்தச் சீமையில் பலர் இருந்தார்கள். ஆளுயரப் பெரிய வாணம் கட்டத் தெரிந்தவர்கள் இவரும் கீரமங்கலம் பக்கத்து நல்லதம்பியும், அவர்களிடம் வேலை பார்த்த சிலரும்தான்.

சின்ன வாணத்தைப் பானை வாயில் சாத்தி வைத்துத் திரியைப் பற்றவைத்தால் வால்குச்சியின் தயவில் அது போய்விடும். பெரிய வாணத்தை அப்படி விட முடியாது. கிளம்பும்போது அதற்குக் கனம் இருக்குமே தவிர வேகம் இருக்காது. வேகம் பிடிக்கும்வரை அதை நேராக நடத்திவிட வேண்டும். அதற்காக ஊருணிக் கரையில் ஒரு பனஞ்சட்டத்தைச் சாய்த்து நட்டு, அதில் நெடுகக் காடி எடுத்திருப்பார்கள். வாய் குறுகி, உள்ளே அகன்ற நீளப் பள்ளம் அது. வாணத்தின் மூங்கில் குழாயில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மரக்குமிழ்கள் இருக்கும். சாமியார்கள் போடுகிற பாதக்குறட்டில் விரல் இடுக்கிலே பிடிக்கிற குமிழ் இருக்கிறதல்லவா, அதே வடிவம். தலை பெரிது, கழுத்துச் சிறிது. தலை காடிக்குள் மாட்டியிருக்கும். வாணம் வெளியே சட்டத்தோடு படுத்திருக்கும். திரி பற்றியதும் குமிழ்கள் காடியில் வழுக்கி ஏற, வாணம் சட்டத்தின் நுனியை விட்டு ஊருணிக்கு மேலே நேராகப் போகும்.

"மருந்து கெட்டா வாணம் போகாது, அம்புட்டுத்தான். குமிழு கெட்டா ஆளப் பாத்துப் போகும்" என்று அடைக்கலம் சொல்வார்.

அதனால் குமிழ் கட்டுவதை அவர் யாரிடமும் விட்டதில்லை. குழாயில் துளை போட்டுக் குமிழைச் செருகுகிறவர்கள் உண்டு. அவர் துளையே போடமாட்டார். துளைத்த இடத்தில் குழாய் பலம் இழக்கும், நெருப்புக்கும் அது வழியாகும். குமிழின் அடியைக் குழாயின் வளைவுக்குத் தக்கபடி சீவி, மூங்கில் தடித்திருக்கிற கணுவின் மேல் உட்காரவைத்து, சணல் நூலால் இறுக்கிச் சுற்றி, புளியங்கொட்டைப் பசை தடவுவார். அது காய்ந்த பிறகு மறுசுற்று, மறுபடி பசை. நன்றாகக் காய்ந்தால் தட்டிப் பார்க்கையில் மாட்டுக்கொம்பைத் தட்டிய சத்தம் வரும். பிறகு இரண்டு குமிழும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்ப்பார். விரலால் தள்ளினால் காடியில் இழுபடாமல் போக வேண்டும். போகவில்லையென்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்துப் பசை காய்ச்சுவது அவர் மனைவி பிச்சையம்மாளின் வேலை. அவளுக்குத் துணையாக அவள் தங்கை செவந்தி பக்கத்துத் தெருவிலிருந்து வருவாள். அடைக்கலத்தின் தம்பி உடையப்பனுக்கும் செவந்திக்கும் வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். இது ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக் கதை.

அந்த வருஷம் பங்குனித் திருவிழாவின் கடைசி நாள். காலையில் மஞ்சள் தண்ணீர், பொழுது சாய்கிற நேரத்தில் பெரிய வாணம் என்பது அவ்வூர் வழக்கம். மஞ்சள் தண்ணீர் என்றால் முறைப்பெண்கள் கையில் குடம் இருக்கும். முறை மாப்பிள்ளைகள் எவரும் காய்ந்த வேட்டியோடு வீடு போக முடியாது. உடையப்பன் வாணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். பின்னால் அடைக்கலம். தெருமுனையில் செவந்தி குடத்தோடு நின்றாள்.

"மச்சான், தோள்ல யாரு? ஒங்க பொண்டாட்டியா?"

"பொண்டாட்டி இன்னும் வரலை புள்ள. வந்தா இதை எறக்கிப்புடுவேன்."

"எதுக்கு எறக்கணும்? பாவம், அவளையும் குளுப்பாட்டித் தூக்கிட்டுப் போங்க!"

சொல்லி முடிப்பதற்குள் குடத்தை அவன் தலைமேல் கவிழ்த்துவிட்டாள். தோளில் வாணம் இருந்ததால் அவனால் ஓடவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. கண்ணில் மஞ்சள் தண்ணீர் வழிய, வாயில் போனதைத் துப்பிக்கொண்டு, நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். தெருவே சிரித்தது. அடைக்கலமும் சிரித்தார். ஊருணிக் கரைக்குப் போனதும் துண்டால் வாணத்தைத் துடைத்து வெயிலில் வைத்தார்கள். குழாயின் இரண்டு வாயும் குங்கிலியம் பூசி அடைத்திருந்ததால் மருந்துக்கு ஈரம் போகவில்லை. சாயங்காலத்துக்குள் வெளிப்புறம் நன்றாகக் காய்ந்துவிட்டது.

பொழுது இறங்கியதும் அடைக்கலம் திரியைப் பற்றவைத்தார். வாணம் ஒரு முழம் ஏறியது. அங்கே நின்று உதறியது. மேல்குமிழ் காடிக்குள்ளேயே தங்கிவிட, வாணம் அதிலிருந்து பிய்த்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பியது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்த உடையப்பனின் மார்பில் வந்து அடித்தது. வண்டி கட்டிப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனார்கள். வண்டி அங்கே போய்ச் சேருமுன் அவன் உயிர் போய்விட்டது.

தம்பியை எரித்துவிட்டு வந்த காலையில் அடைக்கலம் நேராகச் சட்டத்தருகே போனார். பிய்ந்த குமிழ் காடியிலேயே இறுகிக் கிடந்தது. கம்பி கொண்டு நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மரம் ஊறி உப்பியிருந்தது. சுற்றியிருந்த நூலைப் பிரித்தார். மேல்சுற்று முறுகலாக இருந்தது. அடிச்சுற்றுக்கு வந்தபோது பசை கூழாகக் கையில் ஒட்டியது. நூலில் மஞ்சள் கறை.

ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் முடிவுகட்டுகிற ஆள் இல்லை அவர். ஊருக்கு வெளியே இருந்த வாணக் கொட்டகையில் வெற்று மூங்கிலில் குமிழ்களைக் கட்டிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் அம்மிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கல்லைக் குமிழ் தாங்கியது. இன்னொன்றில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, துடைத்து, சாயங்காலம்வரை வெயிலில் வைத்துவிட்டுத் தொங்கவிட்டார். கல் தரையில் விழுந்தது. கழுத்து மெலிந்துவிட்டதோ, அடி சரியாக உட்காரவில்லையோ, சுற்று தளர்ந்ததோ என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார். அவை ஒன்றும் கல்லை விழவைக்கவில்லை. தண்ணீர் பட்டதுதான் விழுந்தது. தண்ணீர் பட்டது ஒன்று தவறாமல் விழுந்தது.

ஊரில் கேட்டவர்களிடம், "காடியில சிராய் இருந்துருக்கு" என்றார். மஞ்சள் கறை படிந்த நூலை அடுப்பில் போட்டார். செவந்தி தன் கையாலேயே அவனை அனுப்பினாள் என்று அவளுக்குத் தெரியக்கூடாது. அதற்குப் பிறகு பல வருஷம் அவருக்கு இருந்த வேலை அது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம்.

செவந்தி வேறு கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. அக்காள் வீட்டோடு வந்து சேர்ந்துகொண்டாள். கொட்டை வறுத்தாள், பசை காய்ச்சினாள், அக்காள் பிள்ளைகளை வளர்த்தாள். அழுது ஓய்ந்த பிறகு அவளிடம் மிஞ்சியது அந்தக் காலைநேரம் ஒன்றுதான். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது அதைச் சொல்வாள்.

"ஒங்க சித்தப்பா தோள்ல வாணத்தோட வாராரு. ஓடவும் முடியலை. நான் கொடத்தை அப்புடியே கவுத்துட்டேன். கண்ணு தெரியலை, மூக்கு தெரியலை, மஞ்சப் புள்ளையாரு கணக்கா நின்னு சிரிக்கிறாரு பாரு! கடைசியா அவரைச் சிரிக்க வச்சு அனுப்பிருக்கேன். அது போதும் எனக்கு."

பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அடைக்கலமும் சிரிப்பார்.

அடுத்த வருஷம் திருவிழா நெருங்கியபோது கோயில்காரர்கள் வந்தார்கள். வாணம் இல்லாமல் விழா முடியக்கூடாது என்றார்கள். தண்ணீருக்குக் கரையாத பசை எதுவும் கிடைக்குமா என்று அடைக்கலம் முன்பே தேடிப் பார்த்திருந்தார். அரக்கு வெயிலில் இளகியது. மெழுகு நூலை வழுக்கவைத்தது. காய்ந்த நிலையில் புளியங்கொட்டைப் பசையின் பிடிப்புக்கு ஈடு எதுவும் இல்லை. ஆக, வாணத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் காப்பதுதான் வழி. ஆனால் மஞ்சள் தண்ணீர் நாளில், "வாணத்துக்குத் தண்ணி ஆகாது" என்று அவர் வாயைத் திறந்தால் போதும். செவந்தி அந்த இடத்திலேயே புரிந்துகொள்வாள்.

அவர் பூசாரி இருளாண்டியிடம் போனார்.

"ஆத்தா கனவுல வந்தா. வாணத்தை யாரு கண்ணும் பாக்கக்கூடாதாம். முத நாளே பெட்டியில வச்சு, மூடி, ஊருக்கு வெளிய சுத்திக் கொண்டுபோகச் சொல்றா. நெருப்பு வைக்கிறப்பத்தான் தெறக்கணுமாம்."

இருளாண்டி எழுந்தே நின்றுவிட்டார். "என்ன சீலை கட்டியிருந்தா?"

"கவனிக்கலைங்க."

"கவனிக்கலையா! ஆத்தா வந்துருக்கா, சீலையப் பாக்காம என்னத்தைய்யா பாத்த? செகப்பா, பச்சையா?"

"செகப்புங்க."

"கோவமா இருந்தாளா?"

"அழுதாங்க" என்றார் அடைக்கலம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் கட்டிச் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊர் நம்பிவிட்டது.

பலா மரத்தில் பெட்டி செய்தார்கள். வாணம் அதில் ஏறி, தெருப் பக்கமே வராமல் பாறைக்காடு சுற்றி ஊருணிக்குப் போனது. நெருப்பு வைக்குமுன் அடைக்கலம் பெட்டியைத் திறந்து, குமிழ்களைத் தட்டிச் சத்தம் கேட்டு, வாணத்தை அதே காடியில் அடியிலிருந்து நுனிவரை கையால் ஓட்டிப் பார்த்து, பிறகே கீழே இறக்கி நிறுத்துவார். வாணம் நேராகப் போனது. அதற்குப் பிறகு எந்த வருஷமும் நேராகவே போனது. பெட்டிக்குச் சூடம் காட்டுகிற வழக்கத்தை ஊரே சேர்த்துக்கொண்டது.

நல்லதம்பி வருஷத்தில் ஒரு தடவையாவது இவர் வீட்டுக்கு வருவார். வந்தால் கேலி இல்லாமல் சாப்பிட மாட்டார்.

"ஏப்பா அடைக்கலம், ஒங்க ஊரு வாணம் கோஷாவாம்ல? மூடி போட்ட வண்டியிலதான் வெளிய வருமாம்? எங்க ஊரு வாணத்துக்கு அம்புட்டு வெக்கம் கெடையாதுப்பா. நாலு பேரு பாக்கத் தெருவுல நடந்து வரும்."

"நீயும் பெட்டியில வச்சுப் பாரேன்."

"ஒங்க ஆத்தா ஒன்கிட்டச் சொன்னா. எங்க அய்யனாரு என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே!"

ஒரு தடவை அடைக்கலம் பசையில் ஈரம் தங்கக்கூடாது என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "நேத்துத்தான் வாணம் கட்ட வந்தேனாக்கும் நான்" என்று நல்லதம்பி சிரித்தார். பந்தியில் செவந்தி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அடைக்கலம் பேச்சை மாற்றிவிட்டார்.

அறுபதாம் வருஷம் வைகாசி கழிந்து நல்லதம்பி வந்தார். இந்தத் தடவை கேலி இல்லை. தண்ணீர் கொடுத்ததைக்கூடக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியின் தம்பி முத்துராமனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. வாணம் சட்டத்தில் பாதி ஏறி, குமிழைப் பிய்த்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே போயிருந்தது.

"காடி சரியா இருந்துச்சு அடைக்கலம். நூல் புடிச்சுப் பாத்தேன். கணு மேலதான் கட்டுனேன். மருந்தும் நல்ல மருந்து. எங்க தப்புனேன்னு தெரியலையே. அவன் தடவித் தடவி நடக்கிறதைப் பாத்துட்டு எனக்குச் சோறு தண்ணி எறங்கலை."

"மழை கிழை பேஞ்சுச்சா?"

"வைகாசியில எங்க மழை? காலையில மஞ்சத்தண்ணி வெளையாட்டு. பயலுக வாணத்து மேலயும் ரெண்டு வாளி ஊத்துனாய்ங்க. அது அப்பவே காஞ்சுபோச்சு."

அடைக்கலத்தால் உட்கார முடியவில்லை. "நாளைக்கு ஒன் வீட்டுக்கு வாரேன். அப்பச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். தம்பிக்குப் பிறகு இன்னொருவன். கனவு என்று சொன்னது அவர் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. பக்கத்துச் சாமிக்கு அது செல்லுபடியாகவில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் தாண்டியிருக்கும்.

பிற்பகலில் செவந்தி வாசல் அடுப்பருகே உட்கார்ந்து பசைச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"செவந்தி, நல்லதம்பி வாணம் ஏன் திரும்புச்சுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அவருகிட்டச் சொல்லுங்க பெரிய மச்சான். பாவம், மூஞ்சியப் பாக்க முடியலை."

"ஒனக்குச் சொல்லாம அவனுக்குச் சொல்ல முடியாது, ஆத்தா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பசைக்குத் தண்ணி ஆகாது. மேல காஞ்ச மாதிரி தெரியும். உள்ள கூழாக் கெடக்கும். மரமும் ஊறிக் காடியப் புடிச்சுக்கும்."

"எந்தத் தண்ணி?"

அவர் கண் தொட்டியடியில் இருந்த குடத்துக்குப் போனது.

"மஞ்சத் தண்ணியா?" துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஊத்துனதா?" என்றாள்.

"ஆமா."

உள்ளேயிருந்து பிச்சையம்மாள் ஓடிவந்தாள். "நீங்க மனுசனா? வாயில என்னத்தை வச்சிருக்கீங்க? அடியே, அவரு என்னமோ ஒளறுறாருடி. காதுல போட்டுக்காத."

"அக்கா, நீ சும்மா இரு." செவந்தி அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப, ஆத்தா கனவுல வந்தது?"

"நான் கட்டுனது."

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"அவனை எரிச்சுட்டு வந்த காலையிலயே."

"பிள்ளைகளுக்கு நான் அந்தக் கதையச் சொல்றப்பல்லாம் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"சிரிச்சீங்களே!"

செவந்தி எழுந்து தொட்டியடிக்குப் போனாள். பசை ஒட்டிய கையைத் தண்ணீரில் விட்டு, அது இழை இழையாகக் கரைந்து போவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "தெனமும் இதைத்தானே செய்யிறேன். எனக்கு ஏன் தோணலை?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. சட்டியில் பசை அடிபிடித்துக் கருகுகிற வாடை வந்தது. பிச்சையம்மாள் போய் இறக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் அடைக்கலம் புறப்பட்டார். செவந்தி வாசலுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அங்க போயி என்னன்னு சொல்வீங்க?"

"யாரோ ஒரு பொண்ணு தண்ணி ஊத்துச்சு, அப்புடின்னு சொல்லிக்கிறேன். பேரு எதுக்கு?"

"எந்த ஊருப் பொண்ணுன்னு கேப்பாங்க. முழிப்பீங்க. இதுவும் ஒங்க கனவுதான்னு சிரிப்பாங்க." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எம்பேரையே சொல்லுங்க. எந்த எடத்துல ஊத்துனேன், எம்புட்டு ஊத்துனேன், எல்லாத்தையும் சொல்லுங்க. அப்பத்தான் நம்புவாங்க."

அவர் அப்படியே சொன்னார். நல்லதம்பி வீட்டு முற்றத்தில் நாலைந்து வாணக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குமிழைக் காய்ந்தபடியும் ஒன்றை நனைத்துக் காயவைத்தும் கல்லைத் தொங்கவிட்டுக் காட்டினார். கல் விழுந்த சத்தம் கேட்டு, கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த முத்துராமன் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினான்.

"ஏழு வருசமாத் தெரியுமா அடைக்கலம் ஒனக்கு?" என்று நல்லதம்பி கேட்டார்.

"தெரியும்."

நல்லதம்பி அவரைத் திட்டவில்லை. எழுந்து உள்ளே போனவர், இவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. முத்துராமன்தான் கேட்டான்: "அண்ணே, அந்தப் பொண்ணு இப்ப எப்புடி இருக்கு?" அடைக்கலம் அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்து வந்தார்.

அதன்பிறகு அந்தச் சீமை வாணக்காரர்கள் எல்லாரும் வாணத்தை மூடியே கொண்டுபோனார்கள். குமிழைத் தட்டிச் சத்தம் கேட்டு, காடியில் ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள். எவர் வாணமும் குமிழைப் பிய்த்துக்கொண்டு திரும்பியதாகச் சேதி இல்லை. கனவு பொய் என்று இருளாண்டியிடமும் அடைக்கலம் ஒப்புக்கொண்டார். "பொய்யோ மெய்யோ, ஆத்தா இத்தனை வருசம் அந்தப் பெட்டிக்குச் சூடம் வாங்கிட்டா. இனி எடுக்க முடியாது" என்றுவிட்டார் பூசாரி. நல்லதம்பி மட்டும் மறுபடி இந்த வீட்டுக்கு வரவில்லை.

செவந்தி எப்போதும்போல வேலை செய்தாள். கோபம் காட்டவில்லை, அவருக்குச் சோறு போட்டாள். ஒருநாள் கடைசிப் பிள்ளை அடம்பிடித்தது.

"சித்தி, சித்தப்பா மேல கொடத்தைக் கவுத்த கதையச் சொல்லு."

"எந்தக் கதை?"

"அதான், மஞ்சப் புள்ளையாரு கணக்கா..."

"மறந்துபோச்சுடா. வாயத் தொற, சோறு ஆறுது."

அடைக்கலம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு வருஷமும் அந்தக் கதையைக் கேட்கத்தான் அவர் பிள்ளைகள் சாப்பிடுகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார். அவர் தம்பி அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தது அதில் மட்டும்தான். பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கை கழுவ எழுந்து போனார்.